பழைய ரயில் மாதிரிகளை இனம் காண்பது பற்றி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் பழம்பொருள் சேகரிப்பைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் பழைய ரயில் பொம்மைகளுக்கும் இடம் அளிக்கப்பட்டிருந்தது கண்டு மகிழ்ந்தேன். தமிழில் இந்தப் பொருளைப் பற்றி எவரும் அதிகம் எழுதுவதில்லை. ஆனால் அந்தப் பகுதியில் இடம்பெற்ற இரண்டு செய்திகள் வாசகர்களைத் தவறான வழியில் கொண்டுபோய் விடும் என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறேன். தகரத்தால் ஆன பழைய ரயில்கள் எல்லாவற்றையும் 'ஹார்ன்பி ரயில்' என்றே கட்டுரை குறிப்பிடுகிறது. விற்பதற்கு முன் அவற்றைப் பாலிஷ் போட்டு, தேவையானால் புதிதாக வண்ணமும் பூசினால் நல்ல விலை கிடைக்கும் என்றும் அறிவுரை கூறுகிறது. முதற்கூற்று பிழையானது. இரண்டாவது அறிவுரையைப் பின்பற்றினால் ஏற்படும் சேதத்தை யாராலும் சரிசெய்ய இயலாது.

ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். பணியில் இருந்த காலத்திலிருந்தே இத்தகைய ரயில் மாதிரிகளைச் சேகரித்தும், மற்றவர்கள் கொண்டுவருபவற்றைப் பழுதுபார்த்தும் வருகிறேன். அந்தப் பழக்கத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. ஒரு ரயில் மாதிரியை யார் செய்தார்கள், எப்போது செய்தார்கள் என்பதை அதன் பக்கவாட்டில் எழுதியிருக்கும் பெயரோ பளபளப்பான வண்ணமோ சொல்வதில்லை. எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரியும் சக்கரங்களும், பெட்டிகளைக் கோக்கும் கப்ளிங்கும், மோட்டாரும், தயாரிப்பாளரின் முத்திரையுமே சொல்லும்.

முதலில் செய்ய வேண்டியது அளப்பது. பிராட் கேஜ், மீட்டர் கேஜ் என்ற சொற்கள் நம் வாசகர்களுக்குப் பழக்கமானவை. மாதிரி ரயில்களுக்கும் அப்படியே கேஜ் உண்டு. இரண்டு தண்டவாளங்களின் உட்புறங்களுக்கு இடையே உள்ள தொலைவு 45 மில்லிமீட்டர் என்றால் அது ஒன்றாம் எண் கேஜ், 32 மில்லிமீட்டர் என்றால் ஓ கேஜ், 16.5 மில்லிமீட்டர் என்றால் டபுள் ஓ அல்லது எச்.ஓ.; 9 மில்லிமீட்டர் என்றால் என் கேஜ். இந்த எண் முறைக்கு வழிவகுத்தது ஜெர்மனியின் கோப்பிங்கன் நகரத்து மெர்க்லின் நிறுவனம். 1891-இல் லைப்சிக் வணிகக் கண்காட்சியில் அது தன் ரயில்களை வரையறுக்கப்பட்ட கேஜ்களில் காட்சிக்கு வைத்தது; மற்ற உற்பத்தியாளர்களும் காலப்போக்கில் அதையே பின்பற்றினார்கள். பழைய ஜெர்மானிய விலைப்பட்டியல்களைப் பார்ப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அக்காலத்தில் தண்டவாளத்தின் நடுவிலிருந்து அடுத்த தண்டவாளத்தின் நடுவரை அளந்தார்கள். ஆகவே அவற்றில் ஒன்றாம் எண் கேஜ் 48 என்றும் ஓ கேஜ் 35 என்றும் இருக்கும். இது வேறு ஏதோ அரிய கேஜ் என்று எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை.

டபுள் ஓ, எச்.ஓ. இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஓடினாலும் ஒன்றல்ல. எச்.ஓ. அசல் ரயிலில் 87-இல் ஒரு பங்கு. பிரிட்டனின் டபுள் ஓ 76-இல் ஒரு பங்கு. பிரிட்டிஷ் எஞ்சின்கள் ஐரோப்பிய எஞ்சின்களைவிட உருவில் சிறியவை என்பதால், அவற்றை 87-இல் ஒரு பங்காகச் சுருக்கினால் அன்றைய மோட்டார்களை உள்ளே வைக்க இடம் போதவில்லை. எனவே தண்டவாளத்தை அப்படியே விட்டுவிட்டு உடலை மட்டும் சற்றுப் பெரிதாகச் செய்தார்கள். பிரிட்டிஷ் டபுள் ஓ எஞ்சின் தன் தண்டவாளத்துக்குச் சற்றுப் பருத்துத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

அளந்த பிறகு, எஞ்சின் எதனால் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். சாவி கொடுத்தால் சுருள்வில்லால் ஓடுவது, ஸ்பிரிட் விளக்கால் நீரைக் கொதிக்கவைத்து உண்மையான நீராவியால் ஓடுவது, மின்சாரத்தால் ஓடுவது என மூன்று வகை உண்டு. மின்சார ரயில்களில் இரண்டு தண்டவாளம் கொண்டவை, நடுவில் மூன்றாவது தண்டவாளம் கொண்டவை என்ற பிரிவும் உண்டு. நடுத்தண்டவாளத்திலிருந்து மின்சாரம் எடுக்கும் எஞ்சினின் அடியில், சக்கரங்களுக்கு நடுவே, வில்லால் அழுத்தப்பட்ட ஓர் உலோகத் தகடோ உருளையோ இருக்கும். அமெரிக்காவின் லயோனல் ஓ கேஜ் ரயில்கள் மூன்று தண்டவாளத்தில் ஓடுபவை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் கில்பர்ட் நிறுவனம் தயாரித்த அமெரிக்கன் ஃப்ளையர் ரயில்கள் 22.5 மில்லிமீட்டர் அகலமுள்ள எஸ் கேஜில் இரண்டு தண்டவாளத்தில் ஓடுபவை. இந்த ஒரு வேறுபாட்டைக் கொண்டே அவ்விரண்டையும் தூரத்திலிருந்தே பிரித்தறியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையையும் சொல்லியாக வேண்டும். ஹார்ன்பியின் முதல் மின்சார ரயில் 1925-இல் வந்தது. லண்டன் மெட்ரோபாலிட்டன் ரயில்வேயின் மின் எஞ்சினைப் போல் செய்யப்பட்ட அதன் ஒரு வகை, வீட்டு மின் இணைப்பிலிருந்து ஒரு பல்பைத் தடையாக வைத்து நேரடியாக ஓடும்படி அமைந்தது. அதாவது குழந்தைகள் தொடும் தண்டவாளத்தில் உயிருக்கு ஆபத்தான மின்னழுத்தம் இருந்தது. இதை எவரும் இன்று இயக்கிப் பார்க்கவே கூடாது. பிற்கால ஓ கேஜ் எஞ்சின்கள் 20 வோல்ட் மாறுமின்சாரத்திலும், டபுள் ஓ எஞ்சின்கள் 12 வோல்ட் நேர்மின்சாரத்திலும் ஓடுபவை. எது எதற்கு என்று தெரியாமல் கையில் கிடைத்த டிரான்ஸ்ஃபார்மரில் இணைத்தால் மோட்டாரின் கம்பிச்சுருள் கருகிப்போகும்.

இனி ஹார்ன்பிக்கு வருகிறேன். பெரும்பாலோர் கையில் கிடைப்பதும், அதிகக் குழப்பம் நிலவுவதும் இதில்தான். லிவர்பூல் நகரின் ஃபிராங்க் ஹார்ன்பி, 1901-இல் காப்புரிமை பெற்ற மெக்கானோ கட்டுமான விளையாட்டால் முதலில் புகழ் பெற்றவர். அவருடைய நிறுவனம் 1920-இல் ஓ கேஜ் சாவி ரயில்களை வெளியிட்டது. அந்த முதல் ரயில்கள் மெக்கானோவின் முறைப்படியே நட்டும் போல்ட்டும் கொண்டு இணைக்கப்பட்டவை. சிறுவர்கள் பிரித்து மீண்டும் பூட்டலாம். பின்னால் வந்தவை தகரத்தின் சிறு நாக்குகளைத் துளைகளில் செருகி மடக்கிய முறையில் செய்யப்பட்டவை. எனவே ஓர் ஓ கேஜ் ஹார்ன்பி எஞ்சினின் அடியிலும் ஓரங்களிலும் நட்டுகள் தெரிந்தால், அது 1920-களின் முற்பகுதியைச் சேர்ந்தது என்று கருத நல்ல காரணம் இருக்கிறது.

பக்கவாட்டில் உள்ள எழுத்துகளும் உதவும். ஆனால் ஒரு திசையில் மட்டுமே. பிரிட்டனில் இருந்த ஏராளமான தனியார் ரயில்வேக்கள் 1923-இல் நான்கு பெரிய நிறுவனங்களாக இணைக்கப்பட்டன. எல்.எம்.எஸ்., எல்.என்.இ.ஆர். என்ற எழுத்துகள் அவற்றில் இரண்டின் சுருக்கப்பெயர்கள்; அந்த இணைப்புக்குப் பின் தோன்றியவை. ஆகவே அந்த எழுத்துகளைத் தாங்கிய மாதிரி 1923-க்கு முந்தியதாக இருக்க முடியாது. 1948-இல் அந்த நான்கும் தேசியமயமாகிப் பிரிட்டிஷ் ரயில்வேஸ் ஆயின. அதற்காக எல்.எம்.எஸ். என்று எழுதிய மாதிரி 1948-க்கு முந்தியதே என்று முடிவுகட்டிவிட முடியாது. தொழிற்சாலை பழைய வண்ணங்களை அதற்குப் பின்னும் சில ஆண்டுகள் பயன்படுத்தியது. எழுத்து 'இதற்கு முன் இல்லை' என்று சொல்லும். 'இதற்குப் பின் இல்லை' என்று ஒருபோதும் சொல்லாது. போருக்கு முந்தியது என்று சொல்லி விற்கப்படும் பலவற்றின் உண்மையான வயது இந்த இடத்தில்தான் வெளிப்படுகிறது.

எஞ்சினின் பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. 1920-களின் பிற்பகுதியில் ஹார்ன்பி மூன்றாம் எண் வரிசையில் 'ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மன்', 'ராயல் ஸ்காட்', 'கேர்ஃபில்லி காசில்', 'லார்டு நெல்சன்' என நான்கு எஞ்சின்களை வெளியிட்டது. அசலில் இந்த நான்கும் நான்கு வெவ்வேறு வடிவமைப்புகள். பொம்மையிலோ, நான்குக்கும் அடிப்படை ஒன்றுதான். வண்ணமும் பெயரும் மட்டுமே மாறின. அசல் ஃப்ளையிங் ஸ்காட்ஸ்மனுக்கு இயங்கு சக்கரங்கள் ஒரு பக்கத்துக்கு மூன்று, பொம்மைக்கு இரண்டு. இது குறைபாடுள்ள போலி என்று நினைத்து எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். தொழிற்சாலையே அப்படித்தான் செய்தது. அசலை நெருக்கமாக ஒத்த பெரிய எஞ்சினாக 1937-இல் வந்தது 'பிரின்சஸ் எலிசபெத்'. 6201 என்ற எண்ணுடன், 20 வோல்ட் மின்சாரத்தில் ஓடிய அது, மரப்பேழையில் வைத்து, கினி என்ற பழைய பிரிட்டிஷ் பணக்கணக்கில், ஐந்து கினிக்கு விற்கப்பட்டது. அக்காலச் சிறுவன் ஒருவனின் தந்தைக்கு அது மிகப் பெரிய தொகை. அந்த மரப்பேழையுடன் சேர்ந்து கிடைப்பதற்கும் தனியாகக் கிடைப்பதற்கும் உள்ள வேறுபாட்டைச் சேகரிப்பாளர்கள் நன்கு அறிவார்கள்.

1938-இல் அதே நிறுவனம் டபுள் ஓ அளவில் 'ஹார்ன்பி டப்ளோ' என்ற வரிசையைத் தொடங்கியது. தகரத்தை மடக்கிச் செய்த ஓ கேஜ் எஞ்சின்களைப் போலன்றி இவற்றின் உடல் துத்தநாகக் கலவை வார்ப்பு. கையில் எடுத்தால் உருவத்துக்குப் பொருந்தாத கனம் தெரியும். தொடக்கத்தில் மின்சாரத்தில் ஓடுபவையும் சாவியில் ஓடுபவையும் விற்கப்பட்டன. போருக்குப் பின் சாவி எஞ்சின்களை மறுபடி தயாரிக்கவே இல்லை. எனவே சாவித்துளை உள்ள டப்ளோ எஞ்சின் ஒன்று கிடைத்தால் அது போருக்கு முந்தியது என்பதில் ஐயமில்லை. மின்சார எஞ்சின்களில் கப்ளிங்கைப் பார்க்க வேண்டும். போருக்கு முந்தியவற்றில் அது மெல்லிய தட்டையான எஃகுப் பட்டை. போருக்குப் பிந்தியவற்றில் வேறு வடிவமுள்ள தடித்த கொக்கி. 'சர் நைஜல் கிரெஸ்லி' என்ற நீல எஞ்சினில் எண்ணே இன்னொரு சாட்சி. அசல் எஞ்சின் 1946-இல் 4498 என்ற எண்ணை விட்டு 7 என்ற எண்ணைப் பெற்றது. பொம்மையிலும் போருக்கு முந்தியது 4498, பிந்தியது 7. எண் 4498 ஆகவும் கப்ளிங் போருக்குப் பிந்தியதாகவும் இருந்தால், ஏதோ ஒன்று இடையில் மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள்.

'டச்சஸ் ஆஃப் ஆதால்' என்ற எஞ்சினை உதாரணமாக எடுத்துக்கொண்டு சற்று விரிவாகச் சொல்கிறேன். ஏனெனில் ஏமாற்றுவோர் அதிகமாகக் கை வைப்பது இதில்தான். எல்.எம்.எஸ். நிறுவனத்தின் ஆழ்ந்த செம்மெரூன் வண்ணத்தில், 6231 என்ற எண்ணுடன், பொற்கோடுகள் இழுத்து வந்த அழகான எஞ்சின் இது. போருக்கு முன்பே அறிவிக்கப்பட்டாலும் போர் முடிந்த பிறகே கடைகளுக்கு வந்தது. இதன் தொடர்ச்சியாகப் பச்சை வண்ணத்தில் 46232 என்ற எண்ணுடன் வந்தது 'டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ்'. மான்ட்ரோஸ் எளிதில் கிடைப்பது. அதற்குச் செம்மெரூன் அடித்து, புதிய எழுத்துகளை ஒட்டி, ஆதால் என்று விற்பவர்கள் உண்டு. ஆனால் மான்ட்ரோஸின் முன்பகுதியில், கொதிகலனின் இருபுறமும், புகையைத் திசைதிருப்பும் இரண்டு தகடுகள் நிற்கும். ஆதாலுக்கு அவை கிடையாது. தகடுகளை அகற்றிவிட்டாலும் அவை நின்ற இடத்தில் தடம் இருக்கும். அதை அடைத்து அராவியிருந்தால், விளக்கைக் கிடையாகப் பிடித்து உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கையில் அந்த இடம் மட்டும் மழுங்கித் தெரியும். இதே உடலில் மாடு தள்ளும் முன்கட்டைச் சேர்த்து, கறுப்பு வண்ணத்தில் 1215 என்ற எண்ணுடன் கனடிய பசிபிக் ரயில்வேயின் பெயரில் ஏற்றுமதிக்காகச் செய்யப்பட்ட ஒன்றும் உண்டு. அதை யாரோ விளையாட்டாக வண்ணம் மாற்றியது என்று எண்ணிவிடக் கூடாது.

1959-இல் டப்ளோ இரண்டு தண்டவாள முறைக்கு மாறத் தொடங்கியது; அதேசமயம் மூன்று தண்டவாளப் பொருள்களும் தொடர்ந்து விற்பனைக்கு வந்தன. அப்போது பல எஞ்சின்களுக்கு மூன்று தண்டவாளத்துக்கு ஒரு பெயரும் இரண்டு தண்டவாளத்துக்கு வேறு பெயரும் இட்டார்கள். மூன்று தண்டவாளத்தில் 'பிரிஸ்டல் காசில்', இரண்டு தண்டவாளத்தில் 'கார்டிஃப் காசில்'; மூன்றில் 'சிட்டி ஆஃப் லிவர்பூல்', இரண்டில் 'சிட்டி ஆஃப் லண்டன்'; மூன்றில் 'டார்செஸ்டர்', இரண்டில் 'பார்ன்ஸ்டேபிள்'. இந்தப் பட்டியலை மனத்தில் வைத்துக்கொண்டு எஞ்சினைக் கவிழ்த்துப் பார்த்தால் போதும். பக்கவாட்டில் பார்ன்ஸ்டேபிள் என்று எழுதியிருக்க, அடியில் நடுத்தண்டவாளத்துக்கான தகடு இருந்தால், ஒன்றின் உடலை இன்னொன்றின் அடிச்சட்டத்தில் பூட்டியிருக்கிறார்கள் என்று உடனே தெரிந்துவிடும்.

மெக்கானோ நிறுவனத்தை 1964-இல் லைன்ஸ் பிரதர்ஸ் நிறுவனம் வாங்கியது. லைன்ஸ் பிரதர்ஸுக்கு ஏற்கெனவே 'டிரையாங்' என்ற பெயரில் டபுள் ஓ ரயில்கள் இருந்தன. அவற்றின் உடல் பிளாஸ்டிக். டிரையாங்கின் வேர், 1950-இல் ரோவெக்ஸ் என்ற நிறுவனம் செய்த 'பிரின்சஸ் எலிசபெத்' எஞ்சினில் இருக்கிறது. அந்த முதற்காலப் பிளாஸ்டிக் நாளடைவில் வளைந்து சுருங்கும் இயல்புடையது. வளைந்த உடல் இங்கே பழமையின் அடையாளமே தவிர, எவரும் அடுப்பருகே வைத்துக் கெடுத்துவிட்டார்கள் என்பதன் அடையாளமன்று. டப்ளோவின் அச்சுகளில் பலவற்றை ஜி அண்டு ஆர் ரென் என்ற நிறுவனம் பெற்று, 1960-களின் பிற்பகுதியிலிருந்து அதே உடல்களைத் தன் பெயரில் வார்த்து விற்றது. எனவே கனமான உலோக உடலைக் கண்டதும் டப்ளோ என்று சொல்லிவிட முடியாது. உட்புறத்தில் எந்தப் பெயர் வார்க்கப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்று 'ஹார்ன்பி' என்ற பெயரில் விற்கப்படுபவை, லைன்ஸ் பிரதர்ஸ் 1971-இல் வீழ்ந்த பின், மார்கேட் நகரில் டிரையாங்கின் தொழிற்சாலையிலிருந்து தொடர்ந்த மரபைச் சேர்ந்தவை. லிவர்பூலின் பின்ஸ் ரோட்டில் இருந்த மெக்கானோ தொழிற்சாலை 1979-இல் மூடப்பட்டது. ஒரே பெயருக்குப் பின்னால் இரண்டு தொழிற்சாலைகளின் வரலாறு இருக்கிறது என்பதைக் கட்டுரையாளர் கவனித்திருந்தால் எல்லாவற்றையும் ஒரே பெயரில் அடக்கியிருக்க மாட்டார்.

ஹார்ன்பி அல்லாத தகர ரயில்களில் முத்திரையே முதல் வழிகாட்டி. ஜி.பி.என். என்ற எழுத்துகள் நியூரம்பர்க் நகரின் பிங் சகோதரர்களைக் குறிக்கும். முதல் உலகப் போருக்குப் பிறகான ஆண்டுகளில் அதே நிறுவனம் பி.டபிள்யூ. என்ற முத்திரைக்கு மாறி, 1930-களின் தொடக்கத்தில் மறைந்தது. கே.பி. என்பது கார்ல் பூப். நெல்சன் தூண் படம் இருந்தால் அது பிரிட்டனின் பிரிம்டாய். பிரெஞ்சு மொழியில் எழுதிய ஹார்ன்பி ரயில் கிடைத்தால் வியக்க வேண்டாம். பாரிசுக்கு அருகே பொபிஞியில் மெக்கானோவுக்குத் தொழிற்சாலை இருந்தது. நார்தாம்ப்டனின் பாசெட்-லோக் நிறுவனம் விற்ற ரயில்கள் சற்றுச் சிக்கலானவை. பிரிட்டிஷ் ரயில்வேக்களின் வண்ணத்தில், பிரிட்டிஷ் எஞ்சின்களின் உருவத்தில், பிரிட்டிஷ் கடையின் பெயரில் விற்கப்பட்ட 'ஜார்ஜ் தி ஃபிஃப்த்' போன்றவற்றை உண்மையில் செய்து கொடுத்தது நியூரம்பர்க்கின் பிங். விற்றவர் யார், செய்தவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் இங்கே தனித்தனியே கேட்க வேண்டும்.

முத்திரை இல்லாவிட்டாலும் நாட்டின் பெயர் உதவும். அயல்நாட்டுப் பொருள்களில் நாட்டின் பெயரைப் பொறிக்கும் வழக்கத்தை 1887-இல் பிரிட்டனிலும் 1890-இல் அமெரிக்காவிலும் வந்த சட்டங்கள் பரவச் செய்தன. 'அமெரிக்க மண்டல ஜெர்மனியில் செய்யப்பட்டது' என்ற பொருள்படும் ஆங்கில வாசகம் இருந்தால், அது இரண்டாம் உலகப் போரை அடுத்த சில ஆண்டுகளுக்கே உரியது. நியூரம்பர்க், கோப்பிங்கன் இரண்டும் அன்று அமெரிக்கப் படையின் ஆளுகையில் இருந்தன.

லயோனலைப் பற்றிச் சுருக்கமாக ஒன்று. 1957-இல் பெண் குழந்தைகளுக்கென இளஞ்சிவப்பு எஞ்சினுடன் ஒரு ரயிலை அந்நிறுவனம் வெளியிட்டது. அக்காலத்தில் விற்காமல் கிடந்த அது இன்று தேடப்படும் பொருள். அதனால் சாதாரணக் கறுப்பு எஞ்சினுக்கு இளஞ்சிவப்பு அடித்து விற்பதும் நடக்கிறது. வண்ணம் உடலின் உள்மடிப்புகளிலும் திருகுகளின் தலையிலும் எப்படிப் படிந்திருக்கிறது என்று பார்க்காமல் இதை எவரும் வாங்கக் கூடாது.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் செய்திக்கு வருகிறேன். துத்தநாக வார்ப்பில் ஈயம் சிறிதளவு கலந்துவிட்டாலும், ஈரக்காற்று படப்பட உலோகத்தின் படிக மணிகளுக்கு இடையே அரிப்பு ஊடுருவி, ஆண்டுகள் செல்லச் செல்ல வார்ப்பு உப்பி, விரிசல்விட்டு, உதிர்ந்துவிடும். போருக்கு முந்திய ஹார்ன்பி சக்கரங்களிலும் டப்ளோ அடிச்சட்டங்களிலும் இது பரவலாகக் காணப்படுகிறது. மேலே சொன்ன 1937-ஆம் ஆண்டு ஹார்ன்பி பிரின்சஸ் எலிசபெத்தின் சக்கரங்களும் இதற்குத் தப்பவில்லை. பழுதுபார்க்க வந்த ஓர் ஓ கேஜ் எஞ்சினை உருப்பெருக்கியின் கீழ் வைத்தபோது, இயங்கு சக்கரத்தின் விளிம்பு முழுவதும் கோடை ஏரியின் தரையைப் போல வெடித்திருந்தது. வெடிப்புகளுக்கு இடையே உலோகம் சாம்பல் நிறத்தில் மேலெழும்பி, சக்கரம் பருத்துப்போய்ச் சட்டத்தில் உரசிக்கொண்டு சுழலாமல் நின்றது. உரிமையாளர் அதைத் துரு என்று எண்ணி எண்ணெய் விட்டிருந்தார். இரும்புதான் துருப்பிடிக்கும், இது வேறு. எண்ணெயால் இது நிற்காது. பசையால் ஒட்டவும் ஒட்டாது. அருகிலுள்ள எஞ்சினுக்குத் தொற்றும் என்ற அச்சமும் தேவையில்லை, ஏனெனில் குறை அந்தந்த வார்ப்பின் கலவையிலேயே இருக்கிறது. சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில் இந்த அரிப்பு விரையும் என்பதால், காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிகா பொட்டலத்துடன் வைப்பது நல்லது. சக்கரங்களை மாற்றுவது குற்றமன்று. மாற்றியதைச் சொல்லாமல் விற்பதுதான் குற்றம்.

பாலிஷ் போடும் அறிவுரைக்கு என் மறுப்பும் இங்கிருந்தே தொடங்குகிறது. இந்த ரயில்களின் மேற்பரப்பு இரு வகைப்படும். ஒன்று, தகரத்திலேயே நேரடியாக அச்சிடப்பட்ட லித்தோ. இதை உருப்பெருக்கியில் பார்த்தால் சன்னல்களும் ஆணித்தலைகளும் கூட அச்சுக் கோடுகளாகவே தெரியும். மற்றொன்று, எனாமல் பூசி, அதன்மேல் எழுத்துகளையும் கோடுகளையும் டிரான்ஸ்ஃபர் என்ற மெல்லிய ஒட்டுப்படமாக ஒட்டி, வார்னிஷ் பூசியது. இரண்டுமே மிக மெல்லியவை. நம் வீடுகளில் பித்தளைப் பாத்திரத்துக்குச் செய்வது போலப் புளியோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால், லித்தோவின் நிறம் முதலில் மங்கும். இரண்டாம் தேய்ப்பில் வெறும் தகரம் வெளியே வரும். தின்னர் தொட்ட டிரான்ஸ்ஃபர் எழுத்துகள் துணியோடு வந்துவிடும். அந்த எழுத்துகளே அந்த எஞ்சினின் அடையாளம் என்னும்போது, துடைத்தவர் தம் கையாலேயே அதன் பிறப்புச் சான்றை அழித்துவிடுகிறார். உலர்ந்த மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டுவதும், அச்சுமுனைகளில் ஒரு சொட்டு தையல் இயந்திர எண்ணெய் விடுவதும் போதும். அதற்குமேல் எதுவும் வேண்டாம்.

மறுவண்ணம் பூசப்பட்டதைக் கண்டுபிடிப்பதும் கடினமன்று. தொழிற்சாலையில் ஒருமுறை மட்டும் மடக்கிய தகர நாக்கு நேராகவும் உறுதியாகவும் இருக்கும். பிரித்து வண்ணம் அடித்து மீண்டும் மடக்கிய நாக்கின் மடிப்பில் வெள்ளைக் கோடு விழுந்திருக்கும், சில நாக்குகள் ஒடிந்தே போயிருக்கும். திருகின் வெட்டு சிதைந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். எஞ்சின் பழையதாக இருக்க, ஓட்டுநர் அறையின் உட்கூரையில் ஸ்பிரே துளிகள் தெரிந்தால் அதற்கு விளக்கம் கேட்க வேண்டும்.

அட்டைப்பெட்டிகளைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம் என்றும் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். மெக்கானோ பெட்டிகள் சிலவற்றில் அச்சிட்ட மாதமும் ஆண்டும் சிறிய எழுத்தில் இருக்கும். ஆனால் பெட்டி சொல்வது பெட்டியின் வயதை. உள்ளே இருப்பது அதனுடன் பிறந்ததுதானா என்பதைப் பொருளைப் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். நகலெடுத்து அச்சிட்ட பெட்டிகளும் இன்று சந்தையில் இருக்கின்றன. பழைய பெட்டியின் கம்பிப்பின் இருந்த இடத்தில் துரு அட்டைக்குள் ஊறியிருக்கும், நகலில் அது இருக்காது.

பொன்மலை, பெரம்பூர், போத்தனூர் போன்ற ரயில்வே ஊர்களில், இங்கிலாந்திலிருந்து வந்த பழைய சாவி ரயில் ஒன்று பரணில் கிடக்கும் வீடு இன்றும் இருக்கலாம். அப்படி ஒன்றை வைத்திருப்பவர் தங்கள் கட்டுரையைப் படித்துவிட்டு இந்த வாரமே பாலிஷ் டப்பாவைத் திறந்துவிடக் கூடாது என்பதே என் கவலை. ஆகவே பாலிஷ், மறுவண்ணம் குறித்த அறிவுரையைத் திரும்பப் பெற்று ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். இனி இத்தகைய ரயில்களைப் பற்றிப் படத்துடன் எழுதும்போது, பக்கவாட்டுப் படத்தோடு, எஞ்சினைக் கவிழ்த்து வைத்து எடுத்த படம் ஒன்றையும், சக்கரங்களுக்கு இடையே ஓர் அளவுகோல் தெரியும்படி, அச்சிடுங்கள். வாசகர்கள் தங்கள் வீட்டு ரயிலைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக்கொள்ள அந்த ஒரு படம் போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
திருச்சிராப்பள்ளி